கையா, வண்டியா

வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, பன்னிரண்டில் நிற்க வேண்டிய கடிகார முள் பதினொன்றுக்கு நழுவியதைப் போல. ஜம்யான் அதை நேராக்கினால் வண்டி வலப்பக்கம் ஒதுங்கிப் புதர்களைத் தேடிப் போனது. மறுபடி இடப்பக்கம் பிடித்து இழுத்தால்தான் கோபி பாலைவனத்தின் சரளைவெளியில் ஒழுங்காக ஓடியது. காலையிலிருந்து இப்படி இழுத்துப் பிடித்தே அவர் இடத்தோள் கல்லாகிக் கிடந்தது.

"அண்ணே, தோள் வலிக்குதா?" பக்கத்து இருக்கையிலிருந்து மருத்துவர் அனுதாரி கேட்டாள்.

"இல்ல டாக்டர்."

"பொய் சொன்னா ரத்த அழுத்தம் ஏறும்."

"அதுக்கும் மாத்திரை உங்ககிட்டதான இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள்.

ஜம்யான் ஊர் மருத்துவமனையின் ஓட்டுநர். வண்டி ரஷ்யாவில் செய்த பழைய சாம்பல் நிற வேன், நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. மொத்த ஊருக்கும் ஒரே மருத்துவ வண்டி அதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் இந்த வேலையில் இருக்கிறார். அதற்குள் வண்டி இரண்டு முறை மாறிவிட்டது, மருத்துவர்கள் எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள், ஜம்யான் மட்டும் மாறவில்லை. அவர் வண்டியில் பிறந்த பிள்ளைகள் இப்போது மோட்டார்சைக்கிளில் அவரை முந்திக்கொண்டு போய்க் கையசைக்கிறார்கள். அவர் வண்டியில் போகும் வழியிலேயே உயிர் விட்டவர்களின் பிள்ளைகளும் கையசைக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது மட்டும் அவர் பார்வையைச் சாலைக்குத் திருப்பிக்கொள்வார். சாலை என்று ஒன்று அங்கே இல்லாவிட்டாலும்.

ஸ்டியரிங் சாய்ந்த கதை இலையுதிர்காலத்தின் கடைசியில் தொடங்கியது. ஒரு நோயாளியை மாகாணத் தலைநகரில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, ஓர் இளம் தம்பதி குளிர்கால முகாமுக்கு இடம்பெயர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய லாரி வழியில் படுத்துவிட்டது. கழற்றிய கூடார வீடு முழுவதும் தரையில் குவிந்து கிடந்தது. மருத்துவமனை வண்டியில் வீட்டுச் சாமான் ஏற்றக்கூடாது என்பது விதி. ஆனால் இடம்பெயரும் குடும்பத்தைக் கண்டும் நிற்காமல் போகிற ஓட்டுநருக்கு அதற்கப்புறம் எந்தக் கூடாரத்திலும் சூடான தேநீர் கிடைக்காது. ஜம்யான் நின்றார். கம்பளச் சுருள்கள், சுவர்ச் சட்டங்கள், இரும்பு அடுப்பு, பெட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். கனமான சாமான் அத்தனையும் இடப்பக்கம் சேர்ந்துவிட்டது, அந்தப் பக்கம்தான் அவர்கள் நின்று ஏற்றினார்கள். சூரியன் இறங்குவதற்குள் போய்விடலாம் என்று செம்மண் ஓடையின் பாறைகள் மேல் கொஞ்சம் வேகமாகவே விட்டார். எங்கோ ஒரு 'டொக்' கேட்டது. அடுப்பு உருண்டிருக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் ஸ்டியரிங் கோணல்.

ஊரில் வெல்டிங், டயர், மோட்டார் எல்லாவற்றுக்கும் தம்தின் ஒருவன்தான். பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, முன்பக்கம் முழுவதும் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"முன்னாடி ஒரு குறையும் இல்ல அண்ணே. இழுவைக் கம்பி வளையல. பால் ஜாயிண்ட்ல ஆட்டம் இல்ல. ஸ்டியரிங் பெட்டி போல்ட்டெல்லாம் இறுக்கமா இருக்கு. டயரக்கூட இந்தப் பக்கத்துத அந்தப் பக்கம் மாத்திப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன்டா சாயுது?"

"நான் ஓட்டுறப்ப ஒண்ணும் தெரியலயே."

அவன் ஓட்டிப் பார்த்தது ஊருக்குள், மணல் தடத்தில். அந்தத் தடத்தில் தடம் போகிற பக்கம் சக்கரம் போகும், ஸ்டியரிங்கை யார் கேட்கிறார்கள்? ஜம்யானுக்கு அது தெரியும். சொல்லத்தான் அலுப்பாக இருந்தது.

"வேணும்னா ஸ்டியரிங்கக் கழட்டி ஒரு பல்லு ரெண்டு பல்லு தள்ளி மாட்டித் தர்றேன். கண்ணுக்கு நேரா இருக்கும்ல?"

"கண்ணுக்கு நேரா இருந்து என்ன பண்ண? கோணல் எங்கன்னே அப்புறம் தெரியாமப் போயிடும். காய்ச்சல்காரனுக்கு மருந்து குடுக்காம தெர்மாமீட்டர ஒடச்சுப் போடுற மாதிரி."

தம்தின் கையைத் துடைத்துக்கொண்டான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "அண்ணே, தப்பா எடுத்துக்காத. வண்டி இழுக்கல. நீதான் இழுக்கறியோ என்னவோ. உன் அண்ணனுக்கும் இடக்கையிலதான ஆரம்பிச்சுது?"

அன்று மாலைத் தேநீர் நேரத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. கடைக்காரி பால்பொடியை, இடக்கை தாங்காதென்று, அவருடைய வலக்கையில் கொடுத்தாள்.

அண்ணனுக்குத் தலைக்குள் வந்த நோய் அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் கிண்ணம் இடக்கையிலிருந்து நழுவியது, பிறகு வார்த்தைகள் நழுவின. ஜம்யானுக்கும் காலையில் எழுந்தால் இடது விரல்கள் மரத்திருக்கின்றன. வசந்தத்தில் ஒரு மாற்று டயர் தோளில் விழுந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் தோளா, தலையா என்று யார் சொல்வது? அனுதாரி அவரைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னாள். இடக்கை மெல்ல இறங்கியது.

"தலையப் படம் எடுக்கணும்ணே," என்றாள். "தடுப்பூசிச் சுத்து முடிஞ்சதும் மாகாணத்துக்குப் போறீங்க. இந்தச் சுத்துக்கே உங்கள அனுப்புறது தப்புதான். வேற ஆளே இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், மெதுவா போங்க. திரும்பி வந்ததும் சாவிய என்கிட்ட குடுத்துடணும்."

அன்றிரவு ஜம்யானின் மனைவி செவெல்மா பெட்டியைத் திறந்து குளிர்கால அங்கிகளை இரண்டாகப் பிரித்து வைத்தாள், நகரத்துக்கு எடுத்துப் போவது ஒரு பக்கம், இங்கேயே விட்டுவிடுவது ஒரு பக்கம். உலான்பாத்தரில் மகள் இரண்டு வருஷமாக வரச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜம்யான் அதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

கையா, வண்டியா. இந்தச் சுற்று முடிவதற்குள் இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

முதல் நாள் மூன்று முகாம்களுக்குப் போனார்கள். பிள்ளைகள் அழுதன, நாய்கள் குரைத்தன, எல்லோரும் தேநீர் கொடுத்தார்கள். மாலையில் கடைசி முகாமிலேயே தங்கிவிட்டார்கள். விடியும்போது வெளியெல்லாம் மெல்லிய வெள்ளை. ஒரு விரல்கூட ஆழமில்லாத முதல் பனி, கல்லின் முதுகு தெரிகிற அளவுக்கு.

அடுத்துப் போக வேண்டியது தோல்கோரின் முகாம். தோல்கோர் ஒட்டகக்காரி. கணவன் போனபிறகும் ஒட்டகத்தை விற்காமல் மகள் குடும்பத்தோடு இருப்பவள், ஜம்யானைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். சொன்ன இடத்தில் அவள் கூடாரம் இல்லை. தண்ணீருக்காக எங்கோ நகர்ந்திருக்கிறாள். ஜம்யான் மேட்டில் ஏறி இறங்கி, உப்புத்தரையைச் சுற்றி, ஒரு வழியாகப் புகையைக் கண்டுபிடித்தார். அதுவரை ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்ததில் இடக்கை நடுங்க ஆரம்பித்திருந்தது. அனுதாரி அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டாள்.

"நாயப் புடிங்க!" என்று கத்திவிட்டு இறங்கினார்கள். தோல்கோரின் மகள் வந்து நாயைப் பிடித்தாள். அம்மா ஒட்டகத்தைத் தேடி மோட்டார்சைக்கிளில் போயிருப்பதாகச் சொன்னாள். அனுதாரி குழந்தைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. தோல்கோர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். முகத்தில் பனியும் கோபமும்.

"ஒட்டகமெல்லாம் கொழுத்திருக்கா அக்கா?" என்று ஜம்யான் முறைப்படி கேட்டார்.

"கொழுத்திருக்கு, கொழுத்திருக்கு. இன்னொரு வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"ஒளிக்காத தம்பி. உன் பின்னாடியே வந்தானுங்களே. உப்புத்தரைகிட்டத் தடத்தப் பாத்துட்டுதான் வர்றேன். சுரங்கக்காரனுங்கதான? போன வருஷமும் இப்படித்தான் ஆஸ்பத்திரி வண்டி பின்னாடியே வந்து என் கெணத்துகிட்ட அளவுக் குச்சி நட்டுட்டுப் போனானுங்க. நீயே வழிகாட்டிக் கூட்டிட்டு வர்றியா?"

"யாருமே வரல அக்கா. நாங்க மட்டும்தான்."

"ஆமாம்மா," என்றாள் அனுதாரி, ஊசியோடு. "ஒரே வண்டி."

"ஒரே வண்டிக்கு எப்படிம்மா நாலு கோடு விழும்? எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா? முன்னாடி போனவன் தடத்துல பின்னாடி வந்தவன் ஏறாம, ஒட்டியே, பக்கத்துல பக்கத்துல வந்திருக்கான். எதுக்கு அப்படி வரணும்? திருடன்தான் அப்படி வருவான்."

மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, வாசல்ல ஒரு வண்டிதான் நிக்குது."

"அதத்தான் நானும் கேக்குறேன்!"

அனுதாரியும் சிரித்தாள். ஜம்யான் சிரிக்கவில்லை. தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வந்த தடம் பனியில் தெளிவாகக் கிடந்தது. வண்டி வளையாமல் நேராக வந்த ஓரிடமாகப் பார்த்து அவர் குந்தினார். முப்பது வருஷத்துக்கு மேல் முன்னால் மட்டுமே பார்த்து ஓட்டியவர், தன் வண்டி விட்டுப்போன தடத்தைக் கடைசியாக எப்போது குனிந்து பார்த்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. நேராக ஓடும் வண்டியில் முன்சக்கரத் தடத்தின் மேலேயே பின்சக்கரம் ஏறி மிதிக்கும். இரண்டு கோடுதான் இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில், மூன்று விரல் அகலம் இடப்பக்கம் தள்ளி, இன்னொரு விளிம்பு. தூரத்திலிருந்து மோட்டார்சைக்கிளில் பார்க்கிறவளுக்கு இரண்டு வண்டிதான்.

வண்டி நேராக நடக்கவில்லை. இடுப்பு விலகிய நாய் மாதிரி, பின்பாகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு சாய்ந்து ஓடியிருக்கிறது.

முன்பக்கம் குறையே இல்லை என்று தம்தின் சொன்னது சரிதான். குறை பின்பக்கம். பின் அச்சு கோணலாக நின்றால் அது வண்டியின் வாலை ஒரு பக்கம் தள்ளும். அதைச் சமாளிக்க முன்சக்கரங்களையும் அதே பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் சாய்வது அதனால்தான். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் ஜம்யான் முதல் நாளே பின்னால் படுத்துப் பார்த்திருப்பார். தன் கையைச் சந்தேகப்பட ஆரம்பித்த பிறகு வண்டியைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை.

"அக்கா, ஒரு கயிறு வேணும்."

தோல்கோர் ஒட்டக மயிரில் திரித்த கயிற்றைக் கொண்டுவந்தாள். கோபம் போய் ஆர்வம் வந்திருந்தது. ஜம்யான் முன்சக்கரங்களை நேராக நிறுத்தினார். வலப்பக்கம் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து பின்சக்கரத்தின் நடுவரை கயிற்றை இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே கயிற்றை இடப்பக்கம் கொண்டுபோனார். முடிச்சு பின்சக்கரத்தின் நடுவை எட்டவில்லை. இரண்டு விரல் குறைந்தது.

"கயிறு சுருங்கிடுச்சா?" என்றாள் அனுதாரி. அவளும் வெளியே வந்திருந்தாள்.

"கயிறு அதேதான். வண்டிதான் இந்தப் பக்கம் நீண்டிருக்கு."

முதுகுக்குக் கீழே கம்பளத்துண்டு போட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். இடது பின்சக்கரத்துக்கு மேலே, வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகள் அச்சோடு சேரும் இடத்தில் மண்ணும் பனியும் ஒட்டிக் கிடந்தது. உளியால் சுரண்டினார். அடுக்கிய பட்டைகளையும் அச்சையும் ஒன்றாக நிறுத்தும் சென்டர் போல்ட்டின் தலை அங்கே இருக்க வேண்டும். இல்லை. இருந்த இடத்தில் வெறும் குழி. அதற்கு முன்னால் அச்சு நழுவித் தேய்த்த தடம், புது வெள்ளி மாதிரி பளபளத்தது. மேலே கட்டிப் பிடித்திருக்கும் வளைவு போல்ட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அன்று ஓடையில் கேட்ட 'டொக்' அடுப்பில்லை.

அவர் மல்லாந்தபடியே அந்தக் குழியை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னண்ணே? என்ன தெரியுது?" அனுதாரியின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"போல்ட் ஒடஞ்சிருக்கு டாக்டர். அச்சு பின்னாடி நகந்திருக்கு."

"அப்ப கை?"

"கைக்கு ஒண்ணும் இல்ல போல."

"ஐயோ, அண்ணே!" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல தெரியுமா? இழுத்துப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் கை நடுங்கியிருக்கு! அந்தத் தோள் பழைய அடி. நான்கூட..." அவள் நிறுத்தினாள். "என்ன, பேச்சையே காணோம்?"

ஜம்யானிடம் சந்தோஷம் இல்லை. தேடிப் பார்த்தார், இல்லை. இருந்தது வேறொன்று. அது என்னவென்று தெரிந்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. கையாக இருக்கட்டும் என்றுதான் அவர் மூன்று வாரமாக நினைத்திருக்கிறார். அண்ணனுக்கு வந்ததைப் போலப் பெரிதாக வேண்டாம். சாவியை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு சின்னக் குறை. வேலையை விடுகிறேன் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அதுவும் இல்லை.

"பேசறதுக்கு என்ன இருக்கு? ஜாக்கிய எடுத்துக் குடுங்க," என்றார்.

மாற்று போல்ட் அவரிடம் இல்லை. தகரப் பெட்டியைக் கொட்டிக் கிளறி, நீளம் சரியாக இருந்த ஒன்றை எடுத்து, அதன் தலையை அரத்தால் ராவிக் குழிக்குள் அடங்கும் அளவாக்கினார். வண்டியைத் தூக்கினார், வளைவு போல்ட்டுகளைத் தளர்த்தினார். அச்சை முன்னால் கொண்டுவர வேண்டும். தோல்கோர் பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒட்டகத்தக் கட்டி இழுக்கட்டுமா தம்பி?"

"வேணாம் அக்கா. அது போதும்னு சொன்னாலும் நிக்காது."

"உன்ன மாதிரியேன்னு சொல்லு."

கயிற்றை அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில் இரட்டையாகக் கட்டி, நடுவில் கடப்பாரையைச் செருகி முறுக்கினார். அச்சு முனகிக்கொண்டு நகர்ந்தது. மருத்துவர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டாள், ஜம்யான் அடியிலிருந்து போல்ட்டைக் குழியில் இறக்கி எல்லாவற்றையும் இறுக்கினார். மறுபடி கயிறு பிடித்து அளந்தார்கள். இந்த முறை முடிச்சு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்றது.

"அடுத்த தடவ ஒரு வண்டியா வா," என்று தோல்கோர் வழியனுப்பினாள். பயணம் நலமாகட்டும் என்று கரண்டியில் பால் எடுத்துச் சக்கரங்களின் பின்னால் தெளித்தாள்.

கிளம்பும்போது ஸ்டியரிங் நேராக நின்றது. ஆனால் கொஞ்ச தூரத்தில் வண்டி இடப்பக்கம் போனது. ஜம்யான் திடுக்கிட்டு நிறுத்தினார். பிறகுதான் புரிந்தது, பழக்கத்தில் கை இன்னும் இடப்பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"இப்ப நெஜமாவே நீங்கதான் இழுக்கறீங்க," என்றாள் அனுதாரி. இந்த முறை இருவரும் சிரித்தார்கள்.

இன்னும் நான்கு முகாம்கள் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். மருத்துவமனை வாசலில் அனுதாரி குளிர்பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "மாகாணத்துல படம் எடுக்கத் தேதி வாங்கினத வேணாம்னு சொல்லிடறேன். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

ஜம்யான் சாவியை வண்டியின் முகப்பில் வைத்தார்.

"டாக்டர், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கை நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் போதும்."

"போதும்னா?"

"போதும். நோய்னு சொல்லி நிறுத்துவீங்கன்னு நெனச்சேன். அதுவும் இல்லாமப் போச்சு. அதனால நானே சொல்றேன்."

அவள் குளிர்பெட்டியைக் கீழே வைத்தாள். சட்டென்று வயது குறைந்த மாதிரி இருந்தாள். "குளிர்காலம் வருதுண்ணே. பனியில வழி தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். மார்கழில ரெண்டு பிரசவம் இருக்கு, எனக்கே தெரியும் ரெண்டும் சிக்கல்னு."

"தெரியும்."

"வெள்ளை மாசம் வரைக்கும். அந்த மாசம் புது வருஷம் பொறந்ததும் தம்தினக் கேக்கறேன். அவன் வரலைன்னா மாகாணத்துல கேக்கறேன். உங்ககிட்ட மறுபடி கேக்க மாட்டேன். சத்தியமா."

அவர் வண்டியைப் பார்த்தார். கதவுகளில் உப்புத்தரையின் வெள்ளை. தகரப் பெட்டியிலிருந்து எடுத்த போல்ட் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டார். மாகாணத் தலைநகரிலிருந்து சரியான போல்ட் வரவழைக்க வேண்டும்.

"வெள்ளை மாசம் வரைக்கும்தான்," என்று சொல்லி சாவியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வீட்டில் செவெல்மா அடுப்பில் காய்ந்த சாணம் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்: "என்ன கிழவா, கையா வண்டியா?"

"வண்டி."

அவள் இன்னொரு துண்டை நெருப்பில் தள்ளினாள். "நல்லதுதான்," என்றாள். சுவரோரம் இரண்டாகப் பிரித்து வைத்த அங்கிகள் அப்படியே இருந்தன. நகரத்துக்குப் போகும் பக்கத்தில் அவருடைய பெரிய ஆட்டுத்தோல் அங்கியும் இருந்தது, மடித்து, கயிறு கட்டி.

"வெள்ளை மாசம் வரைக்கும்தான்," என்றார். "நானே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். யாரும் நிறுத்தல, நானாதான் கேட்டேன்."

அவள் இப்போது திரும்பினாள். அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள், பொய் சொல்கிறாரா என்று. பிறகு எழுந்துபோய் ஆட்டுத்தோல் அங்கியின் கயிற்றை அவிழ்த்தாள்.

"அப்ப இது வெளிய இருக்கட்டும்," என்றாள். "மார்கழிக்கு உனக்கு இது இல்லாம முடியாது. மத்ததெல்லாம் கட்டினபடியே இருக்கட்டும்."